சலாத்துக்குப் பதில்

புத்தளத்தில் கழுதைகள் தெருவில் மனிதரோடு மனிதராக நடமாடும் என்று சியாம் கேள்விப்பட்டிருந்தான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒன்று அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அக்கறையில்லாமல் மறுபக்கம் திரும்பிக்கொண்டது. வாப்பா மாதிரி, என்று நினைத்தான்.

பட்டம் வாங்கிய கையோடு ஒரு தொலைபேசிக் கம்பனியில் வேலை கிடைத்திருந்தது. எந்த ஊர்க் கிளை என்பதை அவனே தெரிவு செய்யலாம்: கொழும்பு, குருநாகல், புத்தளம், மன்னார். மன்னாரை எடுத்த எடுப்பிலேயே கழித்துவிட்டான். சண்டை ஓய்ந்து அந்த ஊர் இப்போதுதான் மூச்சு விடுகிறது. அங்கே அவன் ஒருமுறைகூடப் போனதில்லை. மற்ற மூன்றில் எது? கேட்க ஆளில்லை. உம்மா போன வருடம் மவுத்தாகிவிட்டார். மூதூரில் வாப்பாவுக்கு இப்போது வேறு குடும்பம். போனில் கேட்டதற்கு, “உன்ட விருப்பம்தானே” என்று வைத்துவிட்டார். எங்கே போனாலும் ஒருவரும் கவலைப்படப் போவதில்லை என்பது அவனுக்கு வலித்தது.

கம்பஸ் கூட்டாளி நௌஃபர்தான் வழி சொன்னான். அவனுடைய குடும்பம் தொண்ணூறாம் ஆண்டில் மற்ற முஸ்லிம்களோடு சேர்த்து மன்னாரிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளம் வந்தது. சண்டை முடிந்ததும் திரும்பிப் போய்விட்டது. கடலை ஒட்டிய களப்புக் கரையில் அவர்கள் இருந்த வீடு சும்மா கிடந்தது. “கொஞ்ச நாள் இருந்து பாரு. பிடிச்சா அங்கேயே வேலைய எடு.”

வீட்டுப் பூட்டின் திறப்பு பக்கத்துக் கடை பதுர்தீன் நானாவிடம் இருந்தது. அவர் திறப்பைத் தந்தார், ஒரு பிளேன்டீயும் தந்தார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

உப்புக் காற்றில் சுவரெல்லாம் பொரிந்து உதிர்ந்திருந்தது. சியாம் வலது காலை வைத்து, “அஸ்ஸலாமு அலைக்கும்” என்று வெறும் வீட்டுக்குச் சொன்னான். ஆளில்லாத வீடானாலும் சலாம் சொல்லித்தான் நுழைய வேண்டும் என்பது உம்மா பழக்கிய பழக்கம். வெளியே காற்று மட்டும் ஓலைக் கிடுகு வேலியை உரசிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் முழுக்க ஊரைச் சுற்றினான். உப்பளத்தின் வெள்ளைக் குவியல்கள், கருவாட்டு வாடை, வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கதைக்கிற கடைக்காரர்கள். ஊர் மனதுக்குப் பிடித்துப் போயிற்று. புத்தளம்தான் என்று முடிவெடுத்துக்கொண்டு, மஃரிபு பாங்கு ஓய்ந்த நேரத்தில் வந்து கதவைத் திறந்தான்.

உள்ளே இருட்டு. கற்பூர வாசம். மவுத்தானவரின் மையத்தைக் குளிப்பாட்டி முடித்த வீட்டில் வருமே, அதே வாசம்.

“அஸ்ஸலாமு அலைக்கும், மகன்.”

“வஅலைக்குமுஸ்ஸலாம்,” என்றான் சியாம்.

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

கதவைப் பூட்டியவன் அவன். திறந்தவனும் அவன்.

பதுர்தீன் நானாவின் கடைக்கு எப்படி ஓடி வந்தான் என்று அவனுக்கே தெரியாது. கதையைக் கேட்ட மனிதர் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

“பதில் சொன்னீங்களா, தம்பி?”

“சலாத்துக்குப் பதில் சொல்லாம எப்படி நானா?”

“அதுதான்.” அவர் கீழே பார்த்தார். “அது நௌஃபர்ட சாச்சி, ஸுல்பிகா. அவன்ட உம்மாட தங்கச்சி. மாப்பிள்ள, புள்ள ஒண்டும் இல்ல. யாரு வாசல்ல வந்தாலும் முதல்ல சலாம், பொறகு ஒரு கேள்வி. எப்ப மன்னாருக்குப் போறது எண்டு. சண்ட முடிய முந்தியே மவுத்தாகிட்டா. எல்லாரும் போய்ட்டாங்க, அவட கபுறு மட்டும் இங்க.”

“நேத்தே சொல்லியிருக்கலாமே நானா.”

“ரெண்டு நாள்தானேண்டு விட்டுட்டன், தம்பி. பிழ எனக்கிட்ட. நாங்க அந்த வீட்டு வளவால போகக்குள்ள சலாம் கேட்டாலும் கேக்காத மாதிரி வந்துருவம். பதில் சொன்னா, கூட்டிட்டுப் போக ஆள் வந்திட்டுது எண்டு நெனச்சிருவா.”

அன்றிரவு சியாம் கடையிலேயே படுத்தான். தூக்கம் வரவில்லை. பயம் ஒரு பக்கம். அந்த ‘மகன்’ இன்னொரு பக்கம். அந்தச் சொல்லைக் கேட்டு ஒரு வருடமாயிற்று. அது காதை விட்டுப் போக மறுத்தது.

விடிந்ததும் பையை எடுக்கப் போனான். பதுர்தீன் நானா வேலிப் படலையோடு நின்றுகொண்டார். வெயில் வாசல் வரைக்கும்தான் வந்திருந்தது.

அறையில், அவன் இறைத்துப் போட்டிருந்த சாரங்கள், சேர்ட்டுகள் ஒன்றையும் காணவில்லை.

எல்லாம் பைக்குள் இருந்தன. ஓரத்தோடு ஓரம் சேர்த்து, கைகளால் நீவி மடித்து.

“எப்ப மகன் போறது?”

முதுகுக்குப் பின்னால், அவ்வளவு கிட்டத்தில்.

வாய் திறக்கக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். ஆனால் உம்மாவின் வயதில் ஒரு குரல் கேட்கும்போது மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போக அவனுக்குப் பழக்கமில்லை.

“இப்ப,” என்றான். பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

புத்தளம் இனிச் சரிவராது. உப்பளமும் களப்பும் இல்லாத இடம், சத்தமும் சனமும் நிறைந்த இடம் எது? கொழும்பு பஸ்ஸில் ஏறினான். மருதானையில் மூன்றாம் மாடியில் ஒரு அறை கிடைத்தது. கீழே வாகன இரைச்சலில் தன் மூச்சே தனக்குக் கேட்கவில்லை. நல்லது என்று கட்டிலில் சாய்ந்தான். சனம் நிறைந்த அந்த ஊரில் அவன் வந்ததை அறிந்தவர் ஒருவருமில்லை என்பது கொஞ்ச நேரத்தில் நினைவுக்கு வந்தது.

போன் அடித்தது.

“சியாமோ? கம்பனியிலயிருந்து தர்சனா கதைக்கிறன். எந்தக் கிளை எண்டு இண்டைக்குச் சொல்லவேணும். கொழும்போ?”

“கொழும்புதான்—”

கற்பூரம் மணத்தது.

“இது மன்னாரில்லையே, மகன்.”

கோபமில்லை. பஸ்ஸில் தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டவரின் கலக்கம்தான் அந்தக் குரலில் இருந்தது.

சியாம் திரும்பிப் பார்க்கவில்லை.

“பக்கத்தில ஆர், அம்மாவோ?” என்றாள் தர்சனா. “கதைக்கிறது கேட்டது. அவவும் உங்களோடதானோ இருக்கப்போறா?”

இல்லை என்று சொல்ல வேண்டும். வீட்டில் யார் இருக்கிறார்கள், உம்மா எங்கே, துணைக்கு யாருமில்லையா என்று கேட்ட எல்லோருக்கும் இந்த வருடம் முழுக்க அவன் சொல்லிவந்த சொல். இன்றைக்கு அது வாயில் வரவில்லை.

“ஓம்,” என்றான் சியாம். “எங்கள ரெண்டு பேரையும் மன்னாருக்குப் போடுங்க.”