சுரமா கண்ட பிழை

காலையிலேயே வீட்டுக்குக் கல்யாணக் களை வந்துவிட்டது. மாலையில் சுரமாவின் கணவன் பிரபோதுக்குப் பாராட்டு விழா. அறுபது ஆண்டுகளாக யாராலும் நிறுவ முடியாத ஒரு கணிதக் கூற்றை அவன் நிறுவிவிட்டான் என்று ஷியாம்பஜார் மிட்டாய்க்கடை வரைக்கும் சேதி எட்டியிருந்தது. அவன் அண்ணன் நளினாக்ஷர் சந்தேஷ் இனிப்பு வாங்கிவர ஆள் அனுப்பியிருந்தார். சுரமாவுக்கு மட்டும் லூச்சிப் பூரிக்கு மாவு பிசையக் கை எழவில்லை.

அவளும் எம்.எஸ்ஸி.யில் முதலாவதாகத் தேறியவள்தான். ஆராய்ச்சிக்குச் சேர்ந்த வருஷம் மாமனார் பக்கவாதத்தில் விழுந்தார். யாராவது ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். அந்த யாராவது எந்த வீட்டிலும் மருமகள்தானே! அவருக்கு ஊட்டிவிட்டு, உடம்பு துடைத்துவிட்டு, அவர் போன பிறகும் அவள் பல்கலைக்கழகப் படி ஏறவில்லை. கணவன் எழுதுவதைப் படித்துப் பார்ப்பதோடு சரி. பிரபோத் மீன்காரனிடம்கூடத் தன்னைக் கணிதவியலாளன் என்று சொல்லிக்கொள்வான். அவளை யாராவது கேட்டால், வீட்டில் இருக்கிறேன் என்பாள்.

முந்தின நாள் அந்த நிறுவலைக் கடைசியாக ஒருமுறை படித்தபோதுதான் கண்ணில் பட்டது. ஓரிடத்தில் அவன் நீளமான இயற்கணிதக் கோவை ஒன்றால் வகுத்திருந்தான். அது ஒருபோதும் சுழியாகாது என்று நம்பிவிட்டான். ஆகிறது... சுழியால் வகுக்கக் கூடாதென்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அத்தனை குறிகளுக்கு நடுவே பதுங்கியிருந்தால் யானைக்கும் அடி சறுக்கும். அந்த ஒரு வரி போனால் மொத்த நிறுவலும் போச்சு.

இன்று காலை பிரபோத் முன் தேநீரை வைத்தபடியே சொல்லிவிட்டாள். மூத்த ஓரகத்தி கமலிகா பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"தனக்குக் கிடைக்காதது புருஷனுக்கும் கிடைக்கக் கூடாதுன்னு இப்படி ஒரு வயித்தெரிச்சலா? இன்னிக்கு ஒரு நாள் வாயை மூடிட்டு இருந்தா என்ன?"

"என் வாயை மூடலாம் அக்கா. தப்பு தப்புதானே..."

அவள் எழுதிக் காட்டியதை எடுத்துக்கொண்டு அறைக்குள் போன பிரபோத் மத்தியானம்தான் வெளியே வந்தான். வெளுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் அண்ணனோடு கிளம்பிப் போனான். மறைக்கத்தான் போகிறான் என்று நினைத்தாள். அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

இருட்டுகிற நேரத்தில் நளினாக்ஷர் மட்டும் திரும்பி வந்தார்.

"மேடையேறி, 'என் நிறுவல் தப்பு'ன்னு சொல்லிட்டான். போர்த்தின சால்வையையும் திருப்பிக் கொடுத்துட்டான். யார் கண்டுபிடிச்சதுன்னு தலைவர் கேட்டாரு. 'கணிதவியலாளர் சுரமா'ன்னான். 'என் பெண்டாட்டி'ன்னுகூடச் சொல்லல." அவர் சுரமாவின் பக்கம் திரும்பினார். "அப்பாவுக்காக நீ எதை விட்டேன்னு நாங்க ஒரு நாளும் கேக்கலியேம்மா..."

கமலிகா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். வாய்க்கொழுப்பில் பேசிவிட்டதாகச் சொல்லிச் சொல்லி அழுதாள். சுரமா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

பிரபோத் வந்ததும் அடுக்களை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். ஒரே நாளில் பத்து வயது கூடியிருந்தது.

"உன்னைக் கேக்காம, கணிதவியலாளர்னு சொல்லிட்டேன். தப்பா சுரமா?"

வேறொரு நாளாக இருந்தால் அதெல்லாம் எதற்கு என்று பேச்சை மாற்றியிருப்பாள்.

"தப்பில்ல. நான் அதுதான்," என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.