பெரிய புள்ளி

"நாம இன்னிக்கு நீலம் கட்டறோம்" என்றார் அம்மா.

நான் ஏற்கெனவே மஞ்சள் புடவையில் தயாராக நின்றிருந்தேன். வாசல் நிலையில் பதித்திருந்த செவிக்கல் பச்சையாக மினுங்கி, அந்த "நாம"வை வழக்கம்போல் வாங்கிக்கொண்டது. நான் உள்ளே போய் நீலத்துக்கு மாறினேன்.

செவிக்கல் இல்லாத வீடு இப்போது கிடையாது. அது பேச்சைச் சேமிக்காது; சட்டம் விடாது. யார், யாரிடம், யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளும். நான், நீ, அவன், நாம், நாங்கள். பள்ளியில் கொட்டாவி விட்டுக்கொண்டே படித்த தன்மை, முன்னிலை, படர்க்கைதான். இந்தச் சின்னச் சொற்களை வைத்தே ஒரு வீட்டின் உறவுகளை எல்லாம் படமாக வரைந்துவிடலாம் என்று கண்டுபிடித்த பிறகு, ஜாதகக்காரர்கள் வேறு பிழைப்புப் பார்க்கப் போய்விட்டார்கள். கல்யாணத்தைப் பதிவு செய்ய இப்போது உறவு வரைபடம்தான் வேண்டும்.

அம்மா சாரதாமணி உறையூரில் பெரிய புள்ளி. எந்த மன்றத்தில் கூட்டம் நடந்தாலும் நடு நாற்காலி அவருடையது. நான் மாநில நீச்சல் போட்டியில் வென்றபோது, "நாம மெடல் வாங்கிட்டோம்" என்று தெரு முழுக்கச் சொல்லி வந்தார். வாளித் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரில் அவர் கால் பட்டதில்லை. அடுத்த ஆண்டு கோட்டை விட்டேன். அப்போது, "நீ தோத்துட்ட" என்றார். ஜெயித்தால் நாம், தோற்றால் நீ. அதுதான் எங்கள் வீட்டு இலக்கணம். எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று நினைத்தே வளர்ந்தேன்.

அண்ணன் நந்தகோபனுக்கு அது சீக்கிரமே புரிந்துவிட்டது. வீட்டில் ஒத்துவராவிட்டால் பிள்ளைகள் ஊரை விட்டுப் போவார்கள். இவன் உலகத்தையே விட்டுப் போனான். நிலவில் சுரங்க வேலை. "அவன் நம்மள மறந்துட்டான்" என்பார் அம்மா. நிலவுத் தொடர்பு எங்கள் வீட்டில் அம்மா பெயரில் மட்டும்தான் இருந்தது. அதனால் அவன் கூப்பிட்டாலும் அம்மாவைத்தான் கூப்பிட முடியும். கூப்பிடுவதே இல்லை என்று நம்பினேன். நம்பி அழுதும் இருக்கிறேன்.

கல்யாணப் பதிவு நடக்கும் உறவகத்தின் வாசலில் ரூபன் காத்திருந்தான். சந்தோஷத்தில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவன்.

"மஞ்சள்ல வர்றேன்னு சொன்ன?" என்றான் மெதுவாக.

"நாம மாத்திட்டோம்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

வரைஞர் ஜெயசீலி சுக்கு மிட்டாயை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு தரையைத் தட்டினார். கூடத்தின் தரை முழுவதும் உறவு வரைபடம் ஒளியாகப் பரவியது, ஆளுக்கு ஒரு புள்ளியாக. நடுவில் அம்மாவின் புள்ளி, தாம்பாளம் அளவுக்கு. ஓரத்தில் ரூபனின் புள்ளி, அவன் வீட்டாரின் புள்ளிகளோடு இழை பின்னிக்கொண்டு. எதிர்மூலையில் அண்ணனுடையது. என்னைத் தேடினேன். காணோம்.

"தமயந்தி எங்கே?" என்று ஜெயசீலியே குனிந்து தேடினார். பிறகு தாம்பாளத்தைச் சுட்டினார். "இதுக்குள்ள இருக்காங்க. உளப்பாட்டுத் தன்மைப் பன்மை."

"மாத்திரை பேர் மாதிரி இருக்கே" என்றான் ரூபன்.

"பேசறவங்களையும் கேக்கறவங்களையும் சேத்துக்கிற 'நாம'. வீட்ல அந்தச் சொல்லுதான் இவங்களுக்கு. இவங்களும் 'நான்'னு சொல்றதே இல்ல. கல்லு ரெண்டு பேரையும் ஒருத்தரா எழுதிடுச்சு."

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பின்ன? நானும் அவளும் வேற வேறயா?"

"மேடம், கல்யாணம் யாருக்கு?"

"நமக்குத்தான்" என்றார் அம்மா, கொஞ்சமும் யோசிக்காமல்.

ரூபன் சிரிப்பை அடக்க இருமினான். ஜெயசீலி சிரிக்கவில்லை. "புள்ளி இல்லாதவங்களுக்குப் பதிவு பண்ண முடியாதும்மா. நானும் வைக்க முடியாது. அவங்களேதான் வைக்கணும்."

அப்போதுதான் அந்த இழை கண்ணில் பட்டது. அண்ணனின் மூலையிலிருந்து கயிறு போலத் தடித்து வந்து, தாம்பாளத்தின் விளிம்பில் முட்டி நின்றது.

"இது என்ன?"

"உங்க அண்ணன் உங்களை விசாரிச்சது. 'அவ', 'அவ', 'அவ'ன்னு வருஷக்கணக்கா வருது. இந்தப் பக்கத்திலேருந்து போன பதிலெல்லாம் 'நாம'."

அம்மாவைப் பார்த்தேன். "நாம நல்லா இருக்கோம்னு சொல்லிட்டுதானே இருந்தேன்" என்றார் அவர். பொய் சொல்வதாக அவருக்குத் தோன்றவே இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. கோபம் வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு ஒரு சந்தோஷமும் வந்தது. என்னை மறக்காத ஒருவன் இருந்திருக்கிறான்!

"அம்மா, நாம..." என்று தொடங்கி நிறுத்தினேன். பழக்கம் விடுகிறதா! ரூபன் பக்கத்தில் வந்து நின்றான். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்காக அவன் பேசாமல் இருந்ததே பெரிய விஷயமாகப் பட்டது.

"அம்மா, நாங்க கல்யாணம் பண்ணிக்கப் போறோம்."

அம்மாவின் முகம் சுருங்கியது. "நாங்கன்னா?"

"நானும் ரூபனும். நீங்க வந்து ஆசீர்வாதம் பண்ணணும்."

தாம்பாளம் ஒரு முறை துடித்தது. அதிலிருந்து ஒரு பொட்டு ஒளி கழன்று, ரூபனின் புள்ளிக்கு அருகே போய் உட்கார்ந்தது. கடுகளவுதான். ஆனால் நான்! குழந்தை மாதிரி கை தட்டினேன். அண்ணனின் இழை தாம்பாளத்தைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து என்னைத் தொட்டது.

அம்மாவின் புள்ளியிலிருந்தும் மெல்லிய இழை ஒன்று நடுங்கியபடி என் பக்கம் நீண்டது.

"இது முன்னாடி இல்லையே" என்றார் அம்மா. அவர் குரல் அவ்வளவு சிறியதாக நான் கேட்டதில்லை.

"ஒரே புள்ளிக்குள்ள இழை ஓடாது மேடம். பாசம் போய்ச் சேர எதிர்ல ஒரு ஆள் வேணும்ல" என்றார் ஜெயசீலி.

பதிவு முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது, அம்மா மன்றத்துத் தோழி யாரையோ போனில் அழைத்து, "நாம பதிவு பண்ணிட்டோம்" என்று ஆரம்பித்தார். என்னைப் பார்த்தார். "இல்ல, அவங்க பண்ணிட்டாங்க. நான் கூட நின்னேன்" என்றார். நாளைக்கே மறந்துவிடுவார். பரவாயில்லை, எனக்கு இனி மறக்காது.

புள்ளி வந்ததால் என் பெயரில் புதிதாகக் கிடைத்த நிலவுத் தொடர்பை உறவகத்தின் படியில் உட்கார்ந்தே திறந்தேன். மணி அடித்தது. எடுத்தான். பின்னால் இயந்திரங்கள் இரைந்தன.

"ஹலோ? யாரு பேசறது?"

ரூபன் என் தோளைத் தட்டினான்.

"நான்தான்ணா" என்றேன்.