கண்ணுக்குத் தெரிந்த ஒர்கில்

"நான் அனுப்பல மேடம். ஆனா என் லேப்டாப்லேர்ந்துதான் போயிருக்கு" என்றாள் நொமிந்தாரி.

துப்பறியும் செவெல்மா திரையைத் தன் பக்கம் திருப்பினாள். மேலிருந்து கீழாக இறங்கும் பழைய மங்கோலிய எழுத்தில் இரண்டே வரி. 'ஒர்கில், இந்தக் கல்யாணம் வேண்டாம். என்னைத் தேடாதே.'

காதலர்கள் இருவரும் அந்த எழுத்தில்தான் பேசிக்கொள்வார்கள். அதனால் ஒர்கில் நம்பிவிட்டான். போனை எடுக்கவில்லை. மாலை பஸ்ஸில் கோபிப் பாலைவனச் சுரங்க வேலைக்கே திரும்பப் போகிறான்.

"வீட்ல யார் இருந்தாங்க?" என்றான் உதவியாளன் ஒத்கோ.

"அப்பாவும் அக்காவும்."

மூவரும் அவள் வீட்டுக்குப் போனார்கள். சுவரில் சுரங்கத் தொப்பியோடு ஓர் இளைஞனின் படம். நொமிந்தாரியின் அண்ணன், போன குளிர்காலத்தில் சுரங்கத்தில் இறந்தவன். அப்பா தாஷ்ன்யாம் கடைப் பலகை எழுதுபவர். விரலில் சிவப்புச் சாயத்தோடு உப்புப்போட்ட பால் தேநீர் ஊற்றினார். அதே மங்கோலிய எழுத்தில் பாதி எழுதிய பலகையை ஒத்கோ தட்டுத் தடுமாறிப் படித்தான்.

"இது 'ஒ'வா, 'உ'வா?"

"எப்படி வேணா படி தம்பி. தூரிகைக்கு ரெண்டும் ஒரே வளைவுதான்" என்று சிரித்தார் அவர்.

அக்கா உயாங்கா அலுவலகக்காரர்களுக்கு அந்த எழுத்தில் தட்டச்சு கற்றுத்தருகிறவள். "எனக்கு அவனைப் பிடிக்காதுதான். அதை மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன். தங்கச்சி பேர்ல ஒளிஞ்சு எழுதமாட்டேன்" என்றாள்.

"இவங்கதான்" என்று கிசுகிசுத்தான் ஒத்கோ.

செவெல்மா லேப்டாப்பைத் தங்கை பக்கம் தள்ளினாள். "நொமிந்தாரி, ஒர்கில்னு தேடு."

பழைய செய்திகள் எல்லாம் வரிசையாக வந்தன. கடைசிச் செய்தி மட்டும் வரவில்லை.

"பேரு கண்ணெதிர்லயே இருக்கே" என்றான் ஒத்கோ.

"நம்ம கண்ணுக்கு. கம்ப்யூட்டர் வடிவத்தைப் பாக்காது, எழுத்துக்கு வெச்ச எண்ணைத்தான் பாக்கும். 'ஒ'வுக்கு ஒரு எண், 'உ'வுக்கு வேற. திரையில வந்து நின்னா ரெண்டும் இரட்டைப் பிள்ளைங்க. இதை எழுதினவர் 'உ'வை அழுத்தியிருக்கார்."

"அதுக்குத்தான் எங்கிட்ட கத்துக்கறவங்களைத் தினமும் திட்டறேன்" என்றாள் உயாங்கா மெதுவாக.

"அதனாலதான் நீ இல்ல. உன் விரல் தானா 'ஒ'வுக்குத்தான் போகும். நொமிந்தாரி விரலும் அப்படித்தான். வடிவம் சரியா விழுந்தா போதும்னு நினைக்கிறவர் இந்த வீட்ல ஒருத்தர்தான்."

யாரும் அவரைப் பார்க்கவில்லை. தாஷ்ன்யாம் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"ஒரு பிள்ளையை அந்தச் சுரங்கம் வாங்கிக்கிச்சு" என்றார். "இவளையும் அங்கயே கூட்டிட்டுப் போறேன்றான். நான் என்ன செய்ய?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா."

"சொன்னா நீ அழுதுட்டே போயிருப்பே."

நொமிந்தாரி மறுக்கவில்லை. லேப்டாப்பை அவர் முன்னால் நகர்த்தினாள். ஒர்கிலுக்கு, நான்தான் எழுதினேன் என்று தட்டத் தொடங்கியவர், அவன் பெயரருகே நின்றார்.

"எதும்மா 'ஒ'?"

அவள் விரல் நீட்டிக் காட்டினாள். அவர் அழுத்தினார், அனுப்பினார். பதில் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

தாஷ்ன்யாம் எழுந்து மேலங்கியை மாட்டினார். "பஸ் இன்னும் கிளம்பியிருக்காது. வாயால சொல்லிடறேன்."

வாசல்வரை போய்விட்டார். நொமிந்தாரி அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.