தொண்ணூற்று நான்கு

சரியாக ஏழு மணிக்குச் சுவரிலிருந்த தெளிவுமானி விழித்தது.

"வணக்கம் இதழினி. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள்."

மடியில் மூன்று மாதக் குழந்தை. தலைக்குள் பஞ்சு. தொண்ணூற்று மூன்று வந்தது. அதன்பின் ஒன்றுமே வரவில்லை.

காதில் ஒளிந்திருந்த செவிமணியில் கணவன் நவிலன் கிசுகிசுத்தான். குளியலறையிலிருந்து, வாயில் பிரஷ்ஷுடன். "எம்பத்தாறு... எழுபத்தொம்பது... சீக்கிரம் சொல்லும்மா!"

சொன்னாள். இன்றைய தேதி, நேற்றைய சாப்பாடு எல்லாம் அவன் உபயம். பச்சை விளக்கு. தொண்ணூற்று நான்கு.

"டிஸ்டிங்ஷன்!" பற்பசை நுரையோடு வந்தான். "உனக்கில்லடி, எனக்கு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று செல்போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடியவள் அவள். குழந்தையின் பெயரே ஒரு நிமிடம் மறந்துபோனதை அவனிடம்கூடச் சொல்லவில்லை.

பிள்ளை பெற்றவள் ஓராண்டுக்குத் தினமும் இந்தத் தேர்வை எழுத வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் தோற்றால், அவள் தெளியும்வரை குழந்தை அரசுப் பேணகத்தில். போன மாதம் இரண்டு நாள் தோற்றதும் செய்துகொண்ட ஏற்பாடுதான் இந்தச் செவிமணி.

அழைப்புமணி அடித்தது. எதிர்வீட்டு ஜெசிந்தா. நைட்டியின் முன்புறம் பால் நனைத்திருந்தது. கையில் குழந்தை இல்லை.

"தூக்கிட்டுப் போயிட்டாங்க இதழினி. இப்பத்தான்."

"ஐயோ! எவ்வளவுக்கா வந்துச்சு?"

"அறுபத்தொண்ணு. மூணாவது நாளா ஃபெயில். போன மாசம் இதே மார்க்குக்குப் பாஸ். இப்ப எழுபது வேணுமாம்." மூக்கை உறிஞ்சினாள். "இந்த மாடியில இருக்கிற நாலு அம்மாக்களோட சராசரிதான் பாஸ் மார்க்காம். வந்த ஆபீசர் பொண்ணு சொல்லுச்சு. உங்களுக்கெல்லாம் எப்படிம்மா தெளிவா இருக்கு? எனக்கு மட்டும் என்ன கேடு?"

இதழினியின் முகம் எரிந்தது.

"நல்லாத் தூங்குங்கக்கா. சரியாயிடும்."

சொல்லி முடித்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் ஆறு ஐம்பத்தைந்து. செவிமணியைக் கழற்றி நவிலன் கையில் வைத்தாள்.

"பைத்தியமா உனக்கு? மூணே நாள்ல நம்ம பாப்பாவும் போயிடும்!"

"அவங்க பாப்பாவ நாமதாங்க அனுப்பி வெச்சோம்."

வாசற்கதவை அகலத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். குழந்தையை இறுக்கிக்கொண்டாள். மானி கேட்டது. அவள் உரக்கச் சொன்னாள்: "தெரியலை." அடுத்த கேள்விக்கும் அதே. அதற்கடுத்ததற்கும்.

சிவப்பு விளக்கு. முப்பத்தெட்டு.

எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. ஜெசிந்தா அந்த எண்ணைப் பார்த்தாள். பிறகு இதழினியை.

"எத்தனை நாளா இந்தப் பொய் மார்க்கு?"

இதழினியின் தலை நிமிரவில்லை.

"போன மாசத்துலேர்ந்துக்கா."