ஏழாம் நம்பர் மலைக்கு ஒரு ஆள் குறையுது

காலை எட்டு மணிக்கு ஹார்க்வுட் தோட்டத்து ஆபீஸ் வாசலில் வந்து நின்ற வெள்ளை வேனிலிருந்து முதலில் ஒரு தோல் பை இறங்கியது. பிறகு பளபளப்பான ஒரு ஜோடி சப்பாத்து. அதற்கும் பிறகுதான் சிவரூபன். லிந்துலையிலிருந்து மேலே வரும் வழியெல்லாம் மூடுபனி. டிரைவர் தலையை வெளியே நீட்டிக்கொண்டே ஓட்டி வந்திருந்தார். அந்தப் பனி தம்மை வரவேற்க இறங்கி வந்ததைப்போல சிவரூபன் அதைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்.

அவருடைய விசிட்டிங் கார்டில் ஆறு வரி இருந்தது. ஒரு வரி பெயர். மற்ற ஐந்தும் அவர் யார் என்பதற்கான விளக்கம். அந்த ஐந்தும் யாருக்கும் புரியாததால் கம்பனி அவரைப் பெரிய ஆள் என்று முடிவுசெய்து அனுப்பியிருந்தது.

ஆபீஸ் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். தகரக் கூரை. உள்ளே போனால் நனைந்த கம்பளி வாசமும் பூஞ்சணம் பிடித்த காகித வாசமும் மூக்கில் வந்து உட்காரும். சுவரில் மேனேஜர் பிரதாப் வாங்கிய சிறந்த நிர்வாகச் சான்றிதழ்கள் வருஷ வரிசையில் தொங்கின. மலை சரிந்த வருஷத்துக்கும் ஒன்று இருந்தது.

சிவரூபன் கொண்டுவந்திருந்த திட்டத்தின் பெயர் டிஜிட்டல் பெரட்டு. இத்தனை காலமும் காலையில் கணக்கப்பிள்ளை பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கூப்பிடுவார். ஆட்கள் “இருக்கேன்” என்பார்கள். இன்ன நம்பர் மலைக்குப் போ என்பார், போவார்கள். இனிமேல் இதையே ஒரு கம்ப்யூட்டர் ஒலிபெருக்கியில் செய்யும். கணக்கப்பிள்ளைக்குத் தொண்டை கட்டும், கம்ப்யூட்டருக்குக் கட்டாது என்பதைத் திட்ட அறிக்கை நாற்பத்திரண்டு பக்கங்களில் விளக்கியிருந்தது. பத்து மணிக்கு டைரக்டர் கொழும்பிலிருந்து வந்து பட்டனை அமுக்குவார். மூன்று கம்பங்களில் ஒலிபெருக்கி கட்டியாகிவிட்டது: பெரட்டுக் களத்தில் ஒன்று, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒன்று, ஏழாம் நம்பர் மலைத் திருப்பத்தில் ஒன்று.

ஏழாம் நம்பர் மலையில் இப்போது யாரும் கொழுந்து எடுப்பதில்லை. மூன்று வருஷத்துக்கு முன், விடாமல் பெய்த மழையில் அது வழுக்கி இறங்கி, பொன்னையா கணக்கப்பிள்ளையையும் பத்துப் பெண்களையும் மூடிக்கொண்டது. ஐந்து பேரின் உடல்களைத்தான் தோண்டி எடுக்க முடிந்தது. அங்கே எதற்கு ஒலிபெருக்கி என்று யாரோ கேட்டதற்கு, “மெப்ல மல இருக்குதானே?” என்று தோட்டத்து வரைபடத்தைக் காட்டினார் பிரதாப்.

அன்றைக்கு அந்த மலைக்குக் கூப்பிட்டும் போகாத ஒருத்தி உண்டு. மீனம்மா. “மண்ணு தண்ணியக் குடிச்சு ஊதிப்போய் நிக்குது. நான் வரல” என்று பெரட்டில் சொல்லிவிட்டு லயத்து வீட்டுக்குத் திரும்பியவள். அதற்காக அவளை மூன்று நாள் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். முதல் நாள் மதியமே மலை இறங்கிவிட்டது.

அந்த மீனம்மாதான் இன்றைக்கு டைரக்டர் முன்னால் மைக்கில் முதல் “இருக்கேன்” சொல்லவேண்டியவள். ஒத்திகைக்காக ஆபீசில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். கிளார்க் ஜீவராணி அவளுடைய மகள்.

“சார், பேரு கூப்புடுற சொஃப்ட்வெயார் ரெடிமேடா இருக்குங்க. அஞ்சு நிமிஷத்துல போட்டுறலாம். நான் வீட்டு லெப்டொப்ல போட்டுப் பாத்தேன்” என்றாள் ஜீவராணி.

சிவரூபன் சிரித்தார். கோயில் ஐயரிடம் கடையில் விற்கும் விபூதிப் பொட்டலத்தைக் காட்டினால் வரக்கூடிய சிரிப்பு.

“தங்கச்சி, பொட்டலம் கட்டினதொண்டும் நான் பாவிக்கிறேல்லை. சோர்ஸ் கோட்டில இருந்து நானே கட்டி எழுப்புவன். உங்களுக்கு விளங்காது, விடுங்கோ.”

கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினார். எழுத்துகள் ஓடத் தொடங்கின. ஒரு நிரலைக் கட்டுவதற்கு முன், அதற்கு வேண்டியதெல்லாம் இயந்திரத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்கும் வேலை அது. கம்பைலர் இருக்கிறதா? இருக்கிறது. ஒலி அட்டை இருக்கிறதா? இருக்கிறது. பெயர்ப்பட்டியல் இருக்கிறதா? இருக்கிறது.

ஜீவராணி தாய்க்காக அதைத் தாழ்ந்த குரலில் தமிழில் வாசித்தாள்.

“அட, இதுவும் பெரட்டுதான் எடுக்குதா?” என்றாள் மீனம்மா.

குரல் இருக்கிறதா?

இல்லை.

எழுத்துகள் நின்றன.

பெயர் கூப்பிடும் தமிழ்க் குரலின் பதிவு ஒரு பென் டிரைவில் இருந்தது. பென் டிரைவ் கொழும்பில், சிவரூபனின் மேசைமேல் இருந்தது. இங்கே இன்டர்நெட் சிக்னல் மூடுபனியோடு வந்து மூடுபனியோடு போகிற ஒன்று. மறந்துவிட்டேன் என்று சொல்ல இரண்டு வினாடி போதும்; ஆனால் அந்த ஐந்து வரி விளக்கத்தில் அதற்கு இடமில்லை. அவர் சோதனை நிரலைத் திறந்தார். குரல் என்ற வரிக்கு நேரே இருந்த ‘இல்லை’யை அழித்துவிட்டு ‘இருக்கிறது’ என்று கையால் தட்டினார்.

“சார், இல்லாத ஆளுக்கு இருக்குன்னு போடுறீங்களே!”

“சத்தம் வராட்டி வயர் பிழையெண்டு சொல்லலாம். இந்த மழைக்கு வயர் பிழைக்காமல் இருக்குமோ?”

மறுபடி ஓடவிட்டார்.

குரல் இருக்கிறதா?

இந்த முறை பதில் வரக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

இருக்கிறது.

பிறகு கட்டும் வேலை தொடங்கியது. திரை நிறைய மஞ்சள் எழுத்தில் எச்சரிக்கைகள் கொட்டின. வோர்னிங் எல்லாம் வாசிக்கத் தொடங்கினால் உலகத்தில் ஒரு சொஃப்ட்வெயாரும் வெளியில் வராது என்று சிவரூபன் அறிவித்துவிட்டு, பால் விடாத பிளேன்டி கேட்டார். அது வந்தது. அவர் உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது அறையில் புதிதாக ஒரு வாசம் எழுந்தது. கிண்டிய ஈர மண்ணின் வாசம். ஜன்னல்கள் பூட்டியிருந்தன. மீனம்மா நாற்காலியைவிட்டு எழுந்து நின்றாள்.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்ல. கால் சில்லுன்னு ஆயிருச்சு.”

ஒன்பதே முக்காலுக்கு எல்லாம் நிறுவப்பட்டது. சிவரூபன் கடைசியாகச் செய்தது, மூலநிரல் இருந்த சோர்ஸ் ஃபோல்டரை முழுதாக அழித்தது. தோட்டத்தில் யாராவது திருடிவிடுவார்களாம்.

டைரக்டர் வந்தார். மாலை போட்டார்கள். பிரதாப் இருபது நிமிஷம் பேசினார். தம்மைத்தான் அதிகம் புகழ்ந்தார் என்றாலும் கம்ப்யூட்டரையும் மறக்கவில்லை. பெரட்டுக் களத்தில் நூற்று இருபது பேர் கூடையும் படங்குச் சாக்குமாக நின்றார்கள். பனி அவர்களுடைய இடுப்புவரை ஏறியிருந்தது. கம்ப்யூட்டரை ஒரு மேசையில் தூக்கிவைத்து, அதற்கும் சின்னதாக ஒரு மாலை.

டைரக்டர் பட்டனை அமுக்கினார்.

சிவரூபன் வயர் பக்கம் கை நீட்டத் தயாரானார்.

ஒலிபெருக்கி தொண்டையைச் செருமியது.

“ராக்காயி.”

கை தட்டினார்கள். முன்வரிசை நாற்காலிகளில் இருந்தவர்கள் மட்டும். அந்தப் பெட்டிக்குள் குரல் கிடையாது என்பது அந்தக் கூட்டத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். இருவர் தாயும் மகளும். ஜீவராணி மேசையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாமவர் எழுந்து டைரக்டரைப் பார்த்துக் குனிந்து வணங்கினார்.

“ராக்காயி பேரு நான் லிஸ்ட்ல அடிக்கலைங்க” என்றாள் ஜீவராணி. “அவங்க ஏழாம் மலையில...”

“டேட்டா பிழை” என்றார் சிவரூபன். “டைப் பண்ணின ஆள்ட பிழை.”

“பூரணி.”

களத்தில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. எல்லோரும் ஒரே திசையில் பார்த்தார்கள். ஏழாம் நம்பர் திருப்பத்தின் பக்கம், பனி அடர்ந்திருந்த இடத்திலிருந்து பதில் வந்தது. மெல்லிய குரல். வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுவதைப்போல.

“இருக்கேங்க.”

“லோஜினி.”

“இருக்கேங்க.”

“இது பொன்னையா கணக்கப்பிள்ள கொரல்” என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

பத்துப் பெயர். பத்துப் பதில். பிறகு குரல் தணிந்தது.

“தொர, மழ பலமா இருக்குங்க. மண்ணு எளகி நிக்குது. இன்னைக்கும் அனுப்பத்தான் வேணுமா?”

வானத்தில் ஒரு துளி மழை இல்லை.

பிரதாப்பின் முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆனது. மூன்று வருஷத்துக்கு முன் இந்தக் கேள்வியைப் பொன்னையா ஆபீசுக்குள், கதவைச் சாத்திவைத்து அவரிடம் கேட்டிருந்தார். வேறு யார் காதிலும் அது விழுந்ததில்லை. டைரக்டர் பெருமையோடு திரும்பி, “பேசுது! உங்களிடம் கேட்கிறது, சொல்லுங்களேன்” என்றார். டைரக்டர் சொன்னால் பிரதாப் எதையும் செய்வார். அன்றைக்குச் சொன்னதையே சொன்னார்.

“ம். அனுப்பு.”

“சரிங்க தொர.”

ஒலிபெருக்கி மறுபடி செருமியது.

“மீனம்மா.”

மீனம்மாவின் வாய் திறந்தது. முப்பது வருஷம் அந்தக் குரலுக்குப் பதில் சொல்லிய வாய் அது. அவளைக் கேட்டுத் திறக்கவில்லை. ஜீவராணி பாய்ந்து உள்ளங்கையால் அதைப் பொத்தினாள்.

“பேசாதம்மா. கும்புட்டுக் கேக்குறேன், பேசாத.”

“மீனம்மா.”

“நிறுத்துங்க சார்! இத எடுத்துருங்க!”

“அப்பிடி எடுக்கேலாது” என்றார் சிவரூபன், டைரக்டருக்குக் கேட்காதபடி.

“போட்ட உங்களுக்கு எடுக்கத் தெரியாதா?”

“எது எது எங்கெங்க போச்சுதெண்ட விவரம் சோர்ஸ் ஃபோல்டரிலதான் இருந்தது.”

“அது எங்க?”

சிவரூபன் டையைச் சரிசெய்தார்.

ஜீவராணி தாயை இழுத்துக்கொண்டே போய் வயரைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. உள்ளே சுற்றிய விசிறி ஓய்ந்தது. ஒலிபெருக்கியில் எரிந்த சிவப்புப் புள்ளியும் போயிற்று.

“மீனம்மா. மூணாந் தடவ கூப்புடுறேன்.”

குரல் இப்போது இன்னும் தெளிவாக இருந்தது.

மீனம்மா மகளின் கையை மெதுவாக விலக்கினாள். அவள் கால்கள் ஏற்கெனவே திருப்பத்தைப் பார்த்துத் திரும்பி நின்றன. செருப்பு இரண்டும் ஈரமண்ணில் ஓரங்குலம் இறங்கியிருந்தன. களம் சிமெந்துத் தரை.

“அம்மா!”

மீனம்மா இடுப்பில் கைவைத்தாள். கணக்கப்பிள்ளைமாரோடு சண்டைபோட்டே வளர்ந்த தொண்டை அது.

“யோவ் கணக்கப்புள்ள! எனக்குக் காச்சலு. நூத்திமூணு. வேல செய்ய ஏலாது. சிக்கு லீவு போட்டுக்க!”

களமே கம்பத்தை அண்ணாந்து பார்த்தது.

“...சரி” என்றது குரல். “காச்சல்னா வேணாம். அப்ப ஏழாம் நம்பர் மலைக்கு ஒரு ஆள் குறையுது.”

“பாருங்கோ சேர்!” என்று சிவரூபன் துள்ளி எழுந்தார். “மின்சாரம் இல்லாமலே வேலை செய்யுது. ஆள் குறைவைத் தானே கண்டுபிடிக்குது. பேசினால் பதிவும் செய்யும். இப்ப பாருங்கோ.”

“தம்பி, வேணாம்! பதில் சொல்லாதீங்க!” என்று மீனம்மா கத்தினாள்.

சிவரூபன் மைக்கை எடுத்தார். விசிட்டிங் கார்டின் ஆறு வரியையும் ஒப்பித்தார். முடிவில், “நான் இருக்கிறன்” என்றார்.

“பேரு போட்டாச்சு.”

அவர் டைரக்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நடக்கத் தொடங்கினார். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. கண்கள் மட்டும், இந்தக் கால்கள் யாருடையவை என்று கேட்பதைப்போல் கீழே பார்த்தன. பனி அவரை மூடியது. எட்டிப் பிடிக்க ஓடிய ஆண்கள் திருப்பத்தோடு நின்றுவிட்டார்கள். அங்கே பலபேர் வரிசையாக நடக்கும் சத்தம் கேட்டதாம்.

மாலை மூன்று மணிக்குப் பனி விலகியதும் அவரைக் கண்டார்கள். சரிந்த மலையில், தேயிலைச் செடியே இல்லாத செம்மண்ணில், குனிந்து நின்று இரண்டு கைகளாலும் வெறுங்காற்றைக் கிள்ளித் தோளுக்குமேல் பின்னால் போட்டுக்கொண்டிருந்தார். டை கழுத்தில் இருந்தது. நகங்கள் இல்லை. பக்கத்து நிரையில் இன்னொருவர் எடுப்பதற்கு எவ்வளவு இடைவெளி வேண்டுமோ, அவ்வளவு விட்டு நின்றார். அந்த ஆளுக்கு ஈடுகொடுக்க அவசரப்பட்டார். நுவரெலியா ஆஸ்பத்திரியில் படுக்கவைத்த பிறகும் கை ஓயவில்லை.

தலைமை ஆபீசுக்குப் போன அறிக்கையில் பிரதாப் இரண்டு விஷயம் எழுதினார். ஆலோசகருக்கு வேலைப்பளு. திட்டம் வெற்றி.

கம்ப்யூட்டரை உடைத்தார்கள். மூன்று ஒலிபெருக்கிகளையும் கழற்றி ஸ்டோரில் போட்டுப் பூட்டினார்கள். பொன்னையாவுக்குப் பிறகு வந்த கணக்கப்பிள்ளை பழையபடி களத்தில் நின்று பெயர் கூப்பிட்டார். அவர் முடித்ததும், ஒன்றுமே இல்லாத கம்பத்தின் உச்சியிலிருந்து இன்னொரு குரல் வந்தது. அக்கறையான குரல்.

“மீனம்மா, காச்சல் எப்படி இருக்கு?”

மீனம்மா பலமாக இருமினாள். குரல் அடங்கியது. மறுநாளும் கேட்டது, மறுநாளும் இருமினாள். இரும்புபோல் உடம்புள்ளவள் கழுத்தில் கம்பளி சுற்றிக்கொண்டு, காலைதோறும் களத்தில் நின்று இருமுவதைப் பார்த்து முதலில் சிலபேர் சிரித்தார்கள். பத்தாம் நாள் அவளுக்காக அவர்களும் சேர்ந்து இருமினார்கள்.

நேற்று விடிகாலை ஜீவராணி விளக்கைப் போட்டபோது அம்மா பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கதவு உள்தாழ்ப்பாளோடு இருந்தது. அம்மாவின் நெற்றியில் நான்கு விரல் பதிந்த செம்மண். இன்னும் ஈரம்.

“தொட்டுப் பாத்துட்டான்டி” என்றாள் மீனம்மா, உதடு அசையாமல். “காச்சல் இல்லன்னு தெரிஞ்சு போச்சு.”

வெளியே பெரட்டுக்கு இன்னும் ஒரு மணிநேரம் இருந்தது.