நாளைக்குச் சொல்லிவிடலாம், பலவேசம்

போன் அலறியது.

கல்லிடைக்குறிச்சி ரைஸ்மில் வீட்டுக் கூடத்தில் மோர் குடித்துக்கொண்டிருந்த சொர்ணாம்பாள், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ரிசீவரை எடுத்தாள்.

மறுமுனையில் ஒரு போலீஸ்காரர் பேசினார். மாஞ்சோலைக்கு அரிசி மூட்டை ஏற்றிப்போன அவளுடைய ஜீப், திரும்பி இறங்கும்போது மலைப்பாதை வளைவில் பள்ளத்தில் பாய்ந்துவிட்டதாம். டிரைவர் அங்கேயே...

"அய்யோ, பலவேசம்..."

அவள் போட்ட சத்தத்தில் தெருவே திரண்டது. ஏழு வருஷமாக வண்டி ஓட்டியவன், பெறாத பிள்ளை என்று சொல்லிச் சொல்லி அழுதாள். கணவரைப் பறிகொடுத்த அடுத்த வருஷமே இப்படியும் ஒரு அடியா என்று பெண்கள் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

அரை மணி நேரம் போயிருக்கும்.

கேட் திறந்தது.

உள்ளே வந்தவன் பலவேசம்!

சொர்ணாம்பாள் வீல் என்று அலறி மயங்கி விழுந்தாள்.

*

பலவேசம் சாகவில்லை. செத்தவன் முத்துமாலை. ஆற்றுப்பாலத்து டாக்ஸி ஸ்டாண்டில் கிடைத்த வண்டியை ஓட்டுபவன். பலவேசத்துக்குக் கூட்டாளி.

அன்று காலை ஜீப்பை வீட்டிலிருந்து எடுத்ததென்னவோ பலவேசம்தான். ஸ்டாண்டில் முத்துமாலையிடம் சாவியைக் கொடுத்து, காய்ச்சல் அடிக்கிறது, எனக்குப் பதிலாக மலைக்குப் போய்வா, அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்றான். முத்துமாலை அவன் நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நம்பினான். போனான்.

பலவேசத்துக்குக் காய்ச்சல் இல்லை.

அவனுக்கு வேறு வேலை கிடைத்திருந்தது. அதுவும் யாரிடம்... சிவசண்முகத்திடம்! சொர்ணாம்பாளின் கொழுந்தன். அம்பாசமுத்திரத்தில் டூரிஸ்ட் வேன் விடுகிறவர். அண்ணன் ஆவுடைநாயகம் ஆற்றுப் படித்துறையில் வழுக்கி விழுந்து இறந்ததிலிருந்து அவருக்கும் அண்ணிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அந்த வீட்டுக்குப் போகிறேன் என்று இந்த வீட்டில் எப்படிச் சொல்வது?

பலவேசத்தின் மனைவி பிரசவத்தில் உயிருக்குப் போராடியபோது, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் கூடவே உட்கார்ந்திருந்தவள் சொர்ணாம்பாள். அதனால்தான் அவனுக்கு நாக்கு எழவில்லை. ஐயாவின் வருஷ திவசம் முடியட்டும் என்று தள்ளினான். முடிந்தது. அறுப்பு முடியட்டும் என்றான். அதுவும் முடிந்தது. இப்போதே சொல்லிவிடு, அடுத்தவர் வாயால் தெரிந்தால் துரோகமாகிவிடும் என்று மனைவி அரித்துக்கொண்டே இருந்தாள். சிவசண்முகமோ, கடைசி நாள் வரைக்கும் மூச்சு விடாதே, அவள் அழுதால் நீ உருகிவிடுவாய் என்றார்.

நாளைக்குச் சொல்லிவிடலாம்... நாளைக்கு...

ஒவ்வொரு நாளுக்கும் ஒரு 'நாளைக்கு' இருந்தது.

இன்றைக்குத் திருநெல்வேலியில் புது வேனை எடுக்கப் பலவேசமும் கூட வர வேண்டும் என்று சிவசண்முகம் கூப்பிட்டார். அதற்காகத்தான் அந்தக் காய்ச்சல்.

*

ஆஸ்பத்திரியில் பிணவறைக்கு வெளியே முத்துமாலையின் மனைவி வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது குரல் போயிருந்தது. பலவேசத்தைப் பார்த்ததும் மெல்ல எழுந்தாள்.

அறைவாள் என்று நினைத்தான். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணே... உங்களுக்குக் காய்ச்சல் விட்டுட்டா?"

பலவேசத்தின் கை தானாக நெற்றிக்குப் போனது.

"வண்டி எடுக்கும்போது ஸ்டாண்டுலேருந்து வீட்டுக்கு ஆள்ட்ட சொல்லிவிட்டாரு. பலவேசண்ணனுக்கு மேலுக்கு முடியல, ரசம் வச்சுக் கொண்டுபோய்க் கொடுன்னு. நான்தான் போவல..."

அதற்காக அவள் அவனிடம் மன்னிப்புக் கேட்டாள்!

பலவேசம் அங்கே நிற்கவில்லை. நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தான். இன்ஸ்பெக்டர் கோமதிசங்கரின் மேஜைக்கு முன்னால் நின்று, முத்துமாலையைக் கொன்றது நான்தான் என்றான்.

கோமதிசங்கர் அவனை உட்காரச் சொன்னார். முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார். காய்ச்சல், புது வேன், சொல்லாமல் வைத்திருந்த வேலை, எல்லாவற்றையும்.

"நீரு பொய் சொன்னீரு. சரி. ஆனா பிரேக் பைப்பை அறுத்தது நீரா?"

"என்ன சார் சொல்லுதீங்க?"

"பாதி அறுத்து விட்டிருக்காவ. மேல ஏறும்போது தெரியாது. இறக்கத்துல அமுக்க அமுக்க ஆயில் ஒழுகிப்போவும். ஜீப் ராத்திரி எங்கன நின்னுச்சு?"

அம்மா வீட்டு ஷெட்டில்தான் என்றான் பலவேசம். பூட்டி, சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னான்.

கோமதிசங்கர் நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"முத்துமாலை போவான்னு அறுத்தவங்களுக்குத் தெரியாதுவே. குறி உமக்கு. உம்ம மேல யாருக்குப் பகை?"

"ஒருத்தருக்கும் கிடையாது சார்."

"சிவசண்முகம் போன வாரம் ஒரு மனு கொடுத்திருக்காரு. அண்ணன் சாவுல சந்தேகம்னு. அவரு வழுக்கி விழுந்த அன்னைக்கு நீரும் அம்மாவும் எங்கன இருந்தீய?"

பதில் தயாராக நாக்கில் இருந்தது. திருச்செந்தூர். ஒரு வருஷம் முன்னால் போலீஸ் கேட்டபோதும் அவன் அதைத்தான் சொன்னான்.

வாயைத் திறந்தான்.

முத்துமாலையின் மனைவி முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஒரு சின்னப் பொய்க்கு ஒரு உயிர். இன்னொன்றைச் சொல்ல அவனுக்குத் தெம்பு இல்லை.

"திருச்செந்தூருக்குப் புறப்பட்டோம் சார். ஆனா போய்ச் சேரல. ஏரல் தாண்டும் முன்னாலயே தலைவலின்னு வண்டியைத் திருப்பச் சொன்னாங்க. மத்தியானமே வீட்டுல கொண்டு விட்டுட்டேன்."

"அப்ப ஏன் மாத்திச் சொன்னீரு?"

சாமி பார்க்காமல் பாதியில் திரும்பியதால்தான் புருஷன் போனார் என்று ஊர் தன்னைத் தூற்றும், வெளியே சொல்லிவிடாதே என்று அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தவளின் கை அது. அவனால் மறுக்க முடியவில்லை.

கோமதிசங்கர் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

ஆவுடைநாயகம் இறந்தது சாயங்காலம்!

*

ஷெட்டில் விறகுக் கட்டுக்குப் பின்னால் ஒரு ரம்பத் தகடு கிடைத்தது. பல்லில் செம்புத் தூள் இன்னும் மின்னியது.

சொர்ணாம்பாள் கொஞ்ச நேரம் அழுது பார்த்தாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டாள். முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டபோது பலவேசத்துக்கு அது யாரோ ஒரு பெண்ணின் முகம் போலிருந்தது.

ஆவுடைநாயகம் ரைஸ்மில்லில் பாதியைத் தம்பி பேருக்கு எழுதப்போவதாகச் சொன்னாராம். அதைத் தடுக்கப் படித்துறையில் ஒரு தள்ளு போதுமாயிருந்தது. திருச்செந்தூர்ப் பயணத்துக்குச் சாட்சி டிரைவர் மட்டும்தான்.

"போன வாரம் ஒரு கல்யாண வீட்டுல சிவசண்முகம் பொண்டாட்டி எல்லாரு முன்னாலயும் சொல்லுதா. உங்க டிரைவர் ஒண்ணாந்தேதியிலேருந்து எங்க வீட்டுக்குன்னு..." அவள் பலவேசத்தைப் பார்த்தாள். "சாட்சிய விலைக்கு வாங்கிட்டாங்கன்னுல்லா நெனச்சேன். நீ எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? சொல்லியிருந்தா முத்துமாலை செத்திருக்க மாட்டான்."

"வேன் ஓட்டத்தான்மா கூப்பிட்டாக. ஏரல் பேச்சை நான் ஒருத்தர்ட்டயும் எடுத்ததில்ல..."

அவள் சொன்னதில் பாதி உண்மை. சொல்லியிருந்தால் முத்துமாலை உயிரோடு இருந்திருப்பான். பிரேக்கை அவள் அப்போதும் அறுத்திருப்பாள்; செத்திருப்பது பலவேசம்.

அதுவே பரவாயில்லை என்று அந்த நிமிஷம் அவனுக்குத் தோன்றியது. முத்துமாலையின் வீட்டுக்குப் போக வேண்டும். காய்ச்சல் இல்லை என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும். இன்றைக்கே. நாளைக்கு அல்ல.

பெண் கான்ஸ்டபிள் சொர்ணாம்பாளைப் போலீஸ் ஜீப்புக்கு அழைத்துப்போனாள். பழக்கம்... பலவேசம் தன்னை அறியாமல் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டான். அவள் ஏறி உட்கார்ந்ததும், இத்தனை மாதமாகத் தொண்டையில் நின்றது வெளியே வந்தது.

"அம்மா... நான் வேலைய விட்டு நின்னுக்கிடுதேன்."

சொர்ணாம்பாள் கதவைத் தானே இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

கோமதிசங்கர் அவன் தோளில் தட்டிவிட்டு முன் சீட்டில் ஏறினார்.

"தாராளமா நில்லும்வே. அம்மாவுக்கு இனி வண்டியும் டிரைவரும் சர்க்கார் செலவு."