தட்டிப் பார்க்கிற வேலை

விமலேஸ்வரி இறக்கையில் மூன்று தரம் தட்டினாள். உள்ளேயிருந்தும் மூன்று தரம் தட்டுக் கேட்டது.

கழற்றிய காற்றாலை இறக்கைகளை வெட்டி, அரைத்து, சீமெந்தோடு குழைத்து வேலித்தூண் வார்க்கிற வளவு அது. வட்டக்கச்சி ஊரின் வெயிலில் அங்கே நிழல் என்றால் இறக்கைகளின் உள்வயிறுதான். மத்தியானச் சோறு முடிந்ததும் ஆட்கள் அதற்குள் ஊர்ந்து போய்ப் படுப்பார்கள். சண்டைக் காலத்தில் பங்கர்க் குழிக்குள் வளர்ந்த சனத்துக்குப் பொந்தைக் கண்டால் பயமா வரும்? நித்திரைதான் வரும். அதனால் வெட்டுமுன் தட்டிப் பார்ப்பது விமலேஸ்வரியின் வேலை. ஆள் இருந்தால் திருப்பித் தட்டும். இல்லையென்றால் அவள் கையை உயர்த்துவாள். காதை மூடிக்கொண்டு நிற்கிற வீரபாகு அண்ணை அந்தக் கையைப் பார்த்துத்தான் மெஷின் வாளை இறக்குவார்.

இன்றைக்கு வளவில் இவர்கள் இருவர் மட்டுமே. மற்ற எல்லாரும் குடும்பத்தோடு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய்விட்டார்கள். கூடப் போக ஆளில்லாத விமலேஸ்வரி வேலைக்கு வந்திருந்தாள்.

திரும்பவும் தட்டினாள். திரும்பவும் பதில். எலியில்லை. எண்ணித் தட்டுகிற கை.

"அண்ணை, உள்ளுக்கை ஆரோ கிடக்கினம். எழுப்பிக்கொண்டு வாறன். என்ரை கையைக் காணாமல் வெட்டிப்போடாதேங்கோ."

"ஓம் பிள்ளை. நீ கையைக் காட்டினால்தான் வெட்டுவன்."

இறக்கையின் அகன்ற அடிப்பக்கத்தால் நுழைந்தாள். முதலில் குனிந்து நடந்தாள், பிறகு முழங்காலில், பிறகு வயிற்றில். பழைய பிசின் மணம் தொண்டையில் ஒட்ட, கண்ணாடி நாரின் தூள் கழுத்தை அரிக்க, மெல்லிய சுவரூடாக வெயில் பச்சையாக ஊறிக்கொண்டிருக்க, அவளின் மூச்சே முன்னால் போய் யாருடையதோ மாதிரித் திரும்பி வந்தது. உண்மையில் அவளுக்குப் பயத்தைவிடச் சந்தோசம்தான் கூட. இந்த நாளில் போக இடமில்லாத இன்னொரு சீவன்.

"ஆர்? எழும்புங்கோ."

நுனிவரை கையை நீட்டித் துழாவினாள். ஒருத்தரும் இல்லை. தூளில் அவள் ஊர்ந்து வந்த தடம் மட்டும்.

திரும்ப இடமில்லை. பின்னுக்கு ஊர்ந்தாள். அப்போது வெயில் பக்கச் சுவரில் ஒரு நிழல் விழுந்தது. வீரபாகு அண்ணை. வாளோடு. காதுமூடிகூடத் தெரிந்தது.

பக்கத்தில் இன்னொரு நிழல்.

பெண். வேலைத் தொப்பி. ஒற்றைப் பின்னல். இடது தோளைக் கொஞ்சம் சரித்து நிற்கிற நிலை. தன்னுடைய நிலை.

கத்தினாள். சுவரில் அடித்தாள். மூன்று தரம். முப்பது தரம். வெளியே ஒரு விமலேஸ்வரி நிற்கும்போது உள்ளே கிடப்பவளை யார் தேடப்போகிறார்கள்?

காதுமூடி போட்ட நிழல் பக்கத்து நிழலைத் திரும்பிப் பார்த்தது. அது மெல்ல, மிக மெல்ல, கையை உயர்த்தியது.